பூட்டு சரி பார்த்தேன்

1

செத்தவரின் சட்டைப் பையில் எல்சியின் கையெழுத்து இருந்தது!

ராத்திரி முழுக்கப் புதாற்று வாய்க்கால் தண்ணீரில் கிடந்தும் அது கலையவில்லை. காரணம், அந்தத் தாளுக்கு லேமினேஷன் போட்டிருந்தது. போட்டுக் கொடுத்தவளும் எல்சிதான்.

"இது உங்க எழுத்துதானாம்மா?"

மதகுக் கட்டைமேல் நின்றபடி இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு தாளை நீட்டினார். ஷட்டரில் சிக்கியிருந்த உடலைக் கரையேற்றி, வேட்டியால் மூடியிருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

2017, ஐப்பசி. மேட்டூரைத் தாமதமாகத் திறந்த வருஷம். நாற்றங்காலுக்கே தண்ணீர் காணுமா என்று ஊர் பயந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் சாகிற அளவுக்கு வந்துவிட்டது.

எல்சி தாளை வாங்கினாள்.

"என் எழுத்துதான் சார்."

"படிங்க."

"'பூட்டு சரி பார்த்தேன். எல்சி.'"

"எந்தப் பூட்டு? வீட்டுப் பூட்டா, பீரோ பூட்டா?"

"வெப்சைட் பூட்டு சார்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உடைத்த பூட்டு, உடைக்காத பூட்டு, கள்ளச் சாவி போட்ட பூட்டு என்று முப்பது வருட சர்வீஸில் எல்லாம் பார்த்தவர். இது புதுசு.

"புரியற மாதிரி சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்ல ஒரு சைட்டைத் தொறந்தா மேல அட்ரஸ் வரும்ல சார்... அதுக்குப் பக்கத்துல பச்சையா ஒரு குட்டிப் பூட்டு வரும். அதைத் தொட்டா, சர்டிபிகேட் செல்லும்னு காட்டும். இதோ கெடக்கறாரே தங்கையண்ணன், இவரு மவன் அரவிந்தனுக்கு மஸ்கட்ல வேலை கெடச்சுச்சு. விசா நெசமான்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர்னு வந்தாரு. ஏஜென்ட் குடுத்த சைட்ல நம்பரைப் போட்டேன். செல்லும்னு வந்துச்சு. பூட்டும் இருந்துச்சு. பிரிண்ட் எடுத்து, பூட்டைச் சுத்தி வட்டம் போட்டு, எழுதிக் குடுத்தேன்."

"லேமினேஷன் எதுக்கு?"

"அவருதான் கேட்டாரு. சர்டிபிகேட்னா லேமினேஷன் போட்டாத்தான் சார் நம்ம ஊர்ல திருப்தி."

உண்மைதான். பூதலூரிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கிற மாதாநல்லூரில், யார் பிறந்தாலும் யார் செத்தாலும் எல்சி கம்ப்யூட்டர்ஸுக்கு ஒரு தாள் வேலை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் மனுப் போடுவது அங்கேதான். கோடை விடுமுறையில் மாதா கோவில் ஹாலில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்ததால், முப்பத்தெட்டு வயது எல்சி ஊருக்கே டீச்சர். டீச்சர் சொன்னால் வேதவாக்கு.

உடலின் தலைமாட்டில் தங்கையனின் மனைவி வள்ளியம்மை உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"வள்ளியக்கா... என்னாச்சுக்கா?"

"நேத்து மத்தியானம் புள்ள பேசுனான் டீச்சரம்மா."

"அரவிந்தனா? என்ன சொன்னான்?"

"கம்பெனியே கெடையாதாம். இருவது பேரை ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காங்களாம். பாஸ்போட்டைப் புடுங்கிக்கிட்டாங்களாம். 'அப்பா, என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க'ன்னான். அதுக்குள்ள யாரோ அடிச்ச சத்தம் கேட்டுச்சு. அப்பறம் போனே போவல."

எல்சி அவள் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணன் என்கிட்ட வந்திருக்கலாமேக்கா..."

"வந்தாரும்மா. ரெண்டு மணிக்கே இந்த அட்டையை எடுத்துக்கிட்டு உன் கடைக்குத்தான் வந்தாரு. பொழுது சாயற வரைக்கும் வாசல்லயே நின்னாராம். கடை பூட்டியிருந்துச்சாம்."

ஆமாம். நேற்று கடை பூட்டியிருந்தது.

தங்கை ஜூலியட் வெளிநாடு கிளம்புகிறாள் என்று திருக்காட்டுப்பள்ளியில் சித்தி வீட்டில் விருந்து. கோழிக் குழம்பு, ஜெபம், போட்டோ...

எல்சியின் தலைக்குள் ஏதோ நறுக்கென்று முறிந்தது.

"சார்..."

"என்னம்மா?"

"ஜூலியட்... என் தங்கச்சி..."

"அவளுக்கு என்ன?"

"அவளுக்கும் மஸ்கட். அதே ஏஜென்ட். அதே சைட். நான்தான் பாத்தேன். அவ விசாவுக்கும் நான்தான் பூட்டுப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்."

"எப்பப் போறா?"

"இன்னைக்கு. மூணு அம்பதுக்குத் திருச்சியில ஃப்ளைட். காலையில எட்டு மணிக்கு ஏஜென்ட் வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். பத்தே கால்.

"போன் போடுங்க."

போட்டாள்.

தாங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றாள் ஒரு பெண், மிகவும் மரியாதையாக.

2

ஜூலியட்டுக்கு இருபத்தாறு வயது. லேப் டெக்னீஷியன் படிப்பு. அம்மா சகாயம்மாள் போனபோது அவள் ஏழாவது படித்தாள். அதற்குப் பிறகு சோறு போட்டதும், ஃபீஸ் கட்டியதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் எல்சிதான். அவளைக் கரையேற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றாள். அந்த மற்றது எதுவும் எல்சிக்கு வாய்க்கவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை.

இந்த ஒருத்தியை இழந்தால் எல்சிக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

ஜீப் பூதலூர் போலீஸ் ஸ்டேஷனை நோக்கிப் பறந்தது.

"ஏர்போர்ட்டுக்கு ஒரு போன் போடுங்க சார். நிறுத்தச் சொல்லுங்க."

"போட்டாச்சும்மா. வாய்ல சொன்னா நிறுத்த முடியாதாம். எஃப்.ஐ.ஆர். வேணும், எஸ்.பி. கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும். அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, ரூல் அது. எஸ்.பி. மீட்டிங்ல இருக்காரு."

"அப்ப?"

"நான் ஜீப்ல தஞ்சாவூருக்கு லெட்டருக்கு அலையறேன். நீங்க ரயிலைப் பிடிங்க. போய்த் தங்கச்சியைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துடுங்க. சட்டத்தைவிட அது வேகம்."

"உள்ள போயிட்டான்னா?"

இன்ஸ்பெக்டர் டிரைவரின் தோளைத் தட்டினார்.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டு எல்சி ரயிலடிக்கு வருவதற்குள் பதினொன்றரை. பதினொன்றே முக்காலுக்கு வரவேண்டிய பாசஞ்சர் பதினொன்று ஐம்பதுக்கு வந்தது. எல்சி ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி ஜூலியட்டைக் கூப்பிட்டாள். அதே பெண், அதே மரியாதை.

அடுத்து கமருன்னிஸாவைக் கூப்பிட்டாள்.

கமரு நாகூர்க்காரி. தஞ்சாவூர்க் காலேஜ் ஹாஸ்டலில் எல்சியின் ரூம்மேட். இப்போது சென்னையில், வெப்சைட் பாதுகாப்பு பார்க்கிற கம்பெனியில் வேலை. எல்சி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"சைட் அட்ரஸை அனுப்பு" என்றாள் கமரு. ஒரு நிமிஷம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

"எல்சி... இது கவர்மென்ட் சைட் இல்ல. பேரை அது மாதிரி வச்சிருக்கானுங்க. ரெண்டரை மாசத்துக்கு முன்னாலதான் ஆரம்பிச்சிருக்கானுங்க."

"பூட்டு இருந்துச்சேடி."

"இருக்கும்."

"பச்சைப் பூட்டுடி. சர்டிபிகேட் செல்லும்னு காட்டுச்சு."

"செல்லும்தான். அது நெசமான சர்டிபிகேட்."

"திருட்டுப் பயலுக்கு யாருடி நெசமான சர்டிபிகேட் குடுத்தது?"

"மெஷின்."

"என்னது?"

"மெஷின் குடுக்கும். இலவசம். அஞ்சு நிமிஷம். 'இந்த அட்ரஸ் உன் கையில இருக்கா'ன்னு ஒரே ஒரு கேள்வி. இருக்குன்னு காட்டுனாப் போதும், பூட்டு வந்துடும். நீ யோக்கியனான்னு அது கேக்கவே கேக்காது."



எல்சிக்குத் தெரிந்த சர்டிபிகேட் வேறு. ஒரு வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. வருவார். வீட்டைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், டீ குடிப்பார். அப்புறம் ஆர்.ஐ., அப்புறம் தாசில்தார். மூன்று பேர் பார்க்காமல் மாதாநல்லூரில் ஓர் ஏழையை ஏழை என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சர்டிபிகேட் என்றால் யாரோ நேரில் போய் விசாரித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் விழுந்தாள்.

"விசாரிக்காமக் குடுக்கறதுக்குப் பேரு சர்டிபிகேட்டாடி?"

"அது வேற விஷயத்துக்கான சர்டிபிகேட் எல்சி. நீ போடற தபாலை வழியில எவனும் பிரிச்சுப் படிக்கக் கூடாதுங்கறதுக்காகக் கவரை ஒட்டித் தருது. அவ்ளோதான். கவர் ஒட்டியிருந்தா, வாங்கறவன் நல்லவனாயிடுவானா?"

"அப்ப இப்படி வாரி வழங்கறவங்க மேல தப்பே இல்லையா?"

"அதைத்தான் நாங்க தெனமும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். அவங்ககிட்டயும் ஒரு நியாயம் இருக்கு. முன்னெல்லாம் காசு உள்ளவனுக்குத்தான் பூட்டு. இப்ப சின்னக் கடைக்காரன், பள்ளிக்கூடம், கோயில் எல்லாருக்கும் கெடைக்குது. கெட்டவன் யாருன்னு பாக்கறது எங்க வேலை இல்ல, போலீஸ் வேலைங்கறாங்க."

"போலீஸ் அது உங்க வேலைன்னு சொல்லுவாங்க."

"ஆமா."

"ரொம்ப நல்ல நியாயம்டி. கொண்டாந்து தங்கையண்ணனுக்கு வாய்க்கரிசியாப் போடச் சொல்லு."

கமரு பேச்சை மாற்றினாள்.

"பூட்டு இருந்தா நம்பலாம்னு உனக்கு யாரு சொன்னது?"

"ஒரு டிரஸ்ட்டுலேர்ந்து ஆடி மாசம் ஒருத்தர் வந்தாருடி. ஆன்டோன்னு பேரு. கழுத்துல சிலுவைச் செயின். நல்ல மனுஷன். மாதா கோவில் ஹால்ல, டீயில முறுக்கை முக்கித் தின்னுக்கிட்டே நாலு மணி நேரம் கிளாஸ் எடுத்தாரு. 'எதையும் பாக்க வேணாம், பூட்டை மட்டும் பாருங்க'ன்னாரு. சர்டிபிகேட்டை யாரு விசாரிச்சுக் குடுப்பாங்கன்னு நான் கேட்டேன். 'உங்க வி.ஏ.ஓ. மாதிரி அங்கயும் ஒருத்தர் இருப்பாரு'ன்னாரு. போஸ்டர்கூடக் குடுத்தாரு. கடையில ஒட்டியிருக்கேன்."

"அரைகுறை. பாதி தெரிஞ்சவன் கிளாஸ் எடுத்தா இப்படித்தான். சரி, ஒண்ணு செய்யறேன். குடுக்கற சர்டிபிகேட்டையெல்லாம் எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு ரிஜிஸ்டர்ல ஏத்துவாங்க. இவனுங்க வேற என்னென்ன வாங்கியிருக்கானுங்கன்னு தோண்டிப் பாக்கறேன். நேரமாகும். நீ முதல்ல ஜூலியட்டைப் புடி."

ரயில் சோளகம்பட்டியைத் தாண்டியது. போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"பாதி வழி சார். லெட்டர்?"

"நாலு மணிக்கு முன்னால கையெழுத்தாகாது. ஆனா கவலைப்படாதீங்க, வேற வழி கெடச்சிருக்கு. நம்ம ஸ்டேஷன் செவுத்துல ஒரு போஸ்டர் இருக்கு. பச்சைப் பூட்டுப் படம் போட்டது."

"என் கடையிலயும் இருக்கு சார்."

"அதுல அடியில பொடி எழுத்துல பாருங்க... 'வெளிநாட்டு வேலை மோசடி, அவசரத் தடுப்பு மனு'ன்னு ஒரு அட்ரஸ் இருக்கு. பயணியோட பாஸ்போர்ட்டை ஏத்துனா நேரா ஏர்போர்ட் கவுன்டருக்கே போயிடுமாம். அனுப்பியிருக்கேன். உடனே போடுங்க."

"நம்பலாமா சார்?"

"போலீஸ் ஸ்டேஷன் செவுத்துல இருக்கும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஆன்டோ பூட்டைப் பற்றி அரைகுறையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் சுவர் பொய் சொல்லுமா?

எல்சி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சிங்கத் தலை முத்திரை. தமிழிலும் ஆங்கிலத்திலும் படிவம். மேலே...

பச்சைப் பூட்டு.

இப்போதுதான் கமரு அத்தனை சொன்னாள். இருந்தும் அந்தப் பூட்டைப் பார்த்ததும் எல்சியின் மனசு தானாகச் சமாதானமானது. மூன்று மாதப் பழக்கம், லேசில் விடுமா?

ஜூலியட்டின் பாஸ்போர்ட் படம் போனில் இருந்தது. ஏற்றினாள். விமான நேரம், உடுத்தியிருக்கும் சுடிதாரின் நிறம், தன் ஆதார், தன் கையெழுத்து... கேட்டதையெல்லாம் கொடுத்தாள். 'பயணியிடம் நீங்கள்தான் மனு செய்தீர்கள் என்று உறுதிசெய்ய, அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு செல்லப் பெயர்?' என்றது கடைசிக் கட்டம்.

எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள்!

'ஜூலு' என்று அடித்தாள். அனுப்பினாள்.

ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது.

'தங்கள் மனு ஏற்கப்பட்டது. பயணி ஜூலியட் விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டார். மாலை ஐந்து மணிக்குத் தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுவார். விமான நிலையத்துக்கு வர வேண்டாம். வந்தால் விசாரணை பாதிக்கப்படும்.'

எல்சி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எதிர் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கெட்ட சேதியாம்மா?"

"இல்லைங்க. நல்ல சேதி."

திருவெறும்பூரில் இறங்கினாள். மணி பன்னிரண்டே முக்கால். அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆட்டோவில் போனால் முக்கால் மணி நேரம். ஜூலியட் இன்னும் ஏர்போர்ட் வாசலில்தான் இருந்தாள்.

எல்சி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு நடந்தாள்.

3

மாலை ஐந்து மணி.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் எல்சி உட்கார்ந்திருந்தாள். வரும்போது ஜூலியட்டுக்குப் பிடிக்கும் என்று கடைத்தெருவில் பால்கோவா வாங்கி வந்திருந்தாள். பொட்டலம் மடியில் இருந்தது.

பக்கத்தில் வள்ளியம்மை. உடல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. அவள் வேறொரு தாளுக்காகக் காத்திருந்தாள்.

"சார், இறப்புச் சர்டிபிகேட் எப்ப குடுப்பாங்க?"

"பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் வரணும். அப்பறம் வி.ஏ.ஓ. விசாரிக்கணும். இருபது, முப்பது நாள் ஆவும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மதகுல தூக்குனப்ப ஊரே பாத்துச்சே சார்."

"ஊரு பாத்தா ஆச்சா? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல."

ஐந்தேகால்.

ஐந்தரை.

"இன்னும் காணுமே சார்."

"துவாக்குடியில டிராபிக்கா இருக்கும்."

எல்சியின் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். கமரு.

"எல்சி, ஜூலியட்டைப் புடிச்சிட்டியா?"

"நிறுத்திட்டாங்கடி. கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டு இருக்காங்க."

"யாரு நிறுத்துனது?"

"மனுப் போட்டேன். அவசரத் தடுப்பு மனுன்னு ஒரு சைட்..."

கீபோர்டு சத்தம் சட்டென்று நின்றது.

"எந்த சைட்? அட்ரஸைச் சொல்லு."

சொன்னாள்.

"யா அல்லா..."

"ஏண்டி? என்னடி?"

"எல்சி, நான் சொல்றதைக் கேளு. ஒரே சர்டிபிகேட்ல ரெண்டு மூணு அட்ரஸைச் சேத்து வாங்கலாம். ரேஷன் கார்டுல குடும்பத்துப் பேரையெல்லாம் ஏத்தற மாதிரி. அந்த விசா சைட்டோட சர்டிபிகேட்டை இப்பதான் ரிஜிஸ்டர்ல கண்டுபிடிச்சேன். அதுல இன்னொரு பேரும் இருக்கு."

"என்ன பேரு?"

"நீ மனுப் போட்டியே... அதே பேரு."

எல்சி போனைக் காதோடு அழுத்தினாள்.

"ரெண்டும் ஒரே ஆளு எல்சி. ஒரே கார்டு. ஒரே பூட்டு."

பால்கோவாப் பொட்டலம் தரையில் விழுந்தது.

எல்சி மெல்ல எழுந்து சுவரிடம் போனாள். பச்சைப் பூட்டுப் போஸ்டர். அடியில் பொடி எழுத்து முகவரி.

"சார்... இந்தப் போஸ்டரை இங்க யாரு ஒட்டுனது?"

"டிரஸ்ட்டுக்காரரும்மா. ஆடி மாசம் வந்தாரு. எங்களுக்கும் ஒரு கிளாஸ் எடுத்தாரு."

"பேரு?"

"நாகநாதன். நெத்தி நிறைய விபூதி. தங்கமான மனுஷன்."

எல்சிக்கு ஒரு கணம் உயிர் வந்தது. ஆன்டோ இல்லை. வேறு ஆள்...

"ஒரே ஒரு பழக்கம்தான் வேடிக்கை" என்றார் இன்ஸ்பெக்டர். "டீயில முறுக்கை முக்கி..."

பாதியில் நிறுத்தினார். எல்சியின் முகம் அப்படி ஆகிவிட்டிருந்தது.

மாதா கோவிலுக்குச் சிலுவை. ஸ்டேஷனுக்கு விபூதி. முறுக்கை மட்டும் மாற்றத் தோன்றவில்லை அவனுக்கு.

அரைகுறையாம்! அவன் அரைகுறை இல்லை. பூட்டை மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் கடை விரித்தவன். ஊரையும் போலீஸையும் ஒரே கரும்பலகையில் படிக்க வைத்தவன்.

"ஃப்ளைட்..." என்றாள் எல்சி.

இன்ஸ்பெக்டர் ஏர்போர்ட்டுக்கு டயல் செய்தார். கேட்டார். ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"மூணு அம்பதுக்கே போயிடுச்சும்மா. ஜூலியட்ங்கற பேரு லிஸ்ட்ல இருக்கு. ஏறியிருக்கா."

"எங்க போற ஃப்ளைட் சார்?"

"கொழும்பு. அங்க எறங்கி வேற மாத்துவாங்களாம். எந்த ஊருக்குன்னு அவங்களுக்குத் தெரியலை."

வள்ளியம்மை குனிந்து பொட்டலத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, பெஞ்சில் வைத்தாள். எல்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் மிச்சமில்லை.

அப்போது எல்சியின் போன் மறுபடி அடித்தது.

வெளிநாட்டு நம்பர்.

"ஹலோ..."

"அக்கா, நான்தான்க்கா."

"ஜூலு! எங்கடி இருக்க?"

"கொழும்புல. அடுத்த ஃப்ளைட்டுக்கு உக்காந்திருக்கோம். என் சிம்மை வாங்கிட்டாங்க, அதான் சார் போன்லேர்ந்து பேசறேன்."

"ஜூலு, ஏறாத. அந்த ஃப்ளைட்ல ஏறாத. அங்க போலீஸ் யாராவது இருந்தாப் போய்ச் சொல்லு..."

"என்னக்கா, சரியாக் கேக்கலை. இங்க ஒரே அனௌன்ஸ்மென்ட். அக்கா, உனக்குத் தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்புட்டேன். திருச்சியில எனக்குத் திடீர்னு பயம் வந்துடுச்சுக்கா. போவலை, வீட்டுக்கே போறேன்னு வாசல்ல உக்காந்து அழுதேன். அப்பதான் நீ அனுப்புன சார் வந்தாரு."

"நான் அனுப்புன..."

"ஆன்டோ சார். உன் மெசேஜைக் காட்டுனாரு. என் பாஸ்போர்ட் படம், உன் ஆதார், உன் கையெழுத்து எல்லாம் இருந்துச்சு. 'அக்கா எல்லாத்தையும் சரி பாத்துட்டாங்க, தைரியமாப் போ ஜூலு'ன்னாரு. ஜூலுன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? அப்பறம் என்ன பயம், ஏறிட்டேன்."



"ஜூலு, அவன்..."

"சாரும் கூடவே வர்றாரு, பாஸ்போர்ட்கூட அவருகிட்டத்தான் பத்திரமா இருக்கு. கூப்புடறாங்கக்கா, நான் வரிசையில நிக்கணும். சார் உங்கிட்டப் பேசணுமாம். இரு, தர்றேன்."

போன் கை மாறியது.

மறுமுனையில் நறநறவென்று ஏதோ கடிபடும் சத்தம். மெதுவாக மென்று, விழுங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய அதே நல்ல குரல் வந்தது.

"வணக்கம் டீச்சர். உங்க புகார் வந்து சேந்துச்சு. ஒண்ணும் கவலைப்படாதீங்க... பத்திரமா பூட்டுப் போட்டு வச்சிருக்கோம்."